மேசையில் கிடந்த ஒயர்

செவ்வாய்க்கிழமை காலை ஒரு நோயாளியின் கெண்டைக்காலில் எலக்ட்ரோடு ஒட்டிக்கொண்டிருந்தபோது, வரதராஜன் சாரின் மனைவி கோமளா மாமி போனில் கூப்பிட்டார். "நசீமா, அவர் போயிட்டார்மா. காபி குடிச்சுண்டு பேப்பர் பாத்துண்டிருந்தார். திரும்பிப் பாக்கறேன், தலை சாஞ்சிருக்கு" என்றார். அழாமல்தான் சொன்னார். நான் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டே மயிலாப்பூருக்குக் கிளம்பினேன். பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தால் சார் திட்டியிருப்பார். அவரை அறிந்த உங்களுக்கு இது தெரியும்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அடையாறில் எங்கள் நடை ஆய்வுக்கூடம் சின்னது. பக்கவாதம் வந்து நடை கெட்டுப்போனவர்கள் அங்கே வருவார்கள். நான் பிசியோதெரபிஸ்ட், சார் கணக்குக்காரர், கணிதம் படித்தவர். நோயாளியின் காலில் எலக்ட்ரோடுகளை ஒட்டி நான் நடக்க வைப்பேன். தசை சுருங்கும்போது பிறக்கிற சின்ன மின்சாரத்தைக் கருவி பதிந்துகொள்ளும். எந்தத் தசைகள் ஒன்றாக எழுகின்றன, எது அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காமல் இருக்கிறது என்று அவருடைய புரோகிராம் பிரித்துச் சொல்லும். சேர்ந்து வேலை செய்யும் தசைகளுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'கூட்டணி'. "எந்தத் தசையும் தனியா நின்னு ஜெயிச்சதில்லை. யாரோட யார் கூட்டணின்னு பாக்கறதுதான் நம்ம உத்தியோகம்" என்பார். அறுவை சிகிச்சை செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் டாக்டர்கள் அந்த அறிக்கையைப் பார்ப்பார்கள்.

தினமும் முதல் பதிவு அவருடைய சொந்தக் காலில்தான். கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேறு யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார். எலக்ட்ரோடு ஒட்டுவதற்காக அங்கங்கே மழித்து, வலது கால் எப்போதும் திட்டுத்திட்டாக இருக்கும். கல்யாண வீடுகளில் வேட்டி விலகும்போதெல்லாம் மாமிக்கு மானம் போகும். "சொறின்னு நெனச்சுக்கறா எல்லாரும்" என்று என்னிடம் புலம்பியிருக்கிறார். சாருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஏசியை எத்தனையில் வைப்பது என்பதற்காக மட்டும் என்னோடு தினமும் சண்டை போடுவார்.

அப்படி ஒரு காலைப் பதிவில்தான் விஷயம் வெளியே வந்தது. அன்று தொடைத் தசைக்கான ஒயரை நான் ஒட்ட மறந்திருந்தேன். அது மேசைமேல் கிடந்தது. சார் நடந்து முடித்து, அறிக்கை திரையில் வந்தது. முன்தொடைத் தசை நடை முழுவதும் ஓயாமல் வேலை செய்கிறது என்று அதில் இருந்தது. நான் சிரித்தேன். "சார், நம்ம மேசைக்கும் தசை இருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

புரோகிராம் ஒவ்வொரு தசையின் பதிவையும் அதனதன் உச்சத்தால் வகுத்து, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். சின்னத் தசையையும் பெரிய தசையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதுதான் வசதி. ஆனால் ஒரு தசை கிட்டத்தட்ட ஊமையாக இருந்தால்? அப்போது அதன் பதிவில் இருப்பது ஃபேனும் டியூப்லைட்டும் விடும் மின் இரைச்சல் மட்டும். அதையும் புரோகிராம் பெரிதாக்கி, ஓயாத உழைப்பாகக் காட்டிவிட்டது. கணக்கில் ஊறியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. வேறு யாராக இருந்தாலும், மொத்தமாக எவ்வளவு மின்சாரம் வந்தது என்பதை முதலில் பார்த்திருப்பார்கள்.

அன்று முழுக்கப் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தார். மற்றவை தப்பித்தன. ஒன்று மட்டும் மாட்டியது. சிந்தாதிரிப்பேட்டையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் செல்வி என்ற பெண்ணுடையது. அவருடைய முழங்கால் மடங்காததற்கு முன்தொடைத் தசை அடங்காமல் இருப்பதே காரணம் என்று எங்கள் அறிக்கை சொல்லியிருந்தது. அதை நம்பி அந்தத் தசையின் நாணை வெட்டி இடம் மாற்றியிருந்தார்கள். உண்மையில் அந்தத் தசை சும்மா இருந்தது. கெண்டைக்கால் உந்தாததுதான் கோளாறு. ஆபரேஷனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

ஆபரேஷன் செய்த டாக்டருக்கு சார் உடனே எழுதினார். "விடுங்க, காலுக்குக் கெடுதல் ஒண்ணும் ஆகல" என்று பதில் வந்தது. செல்வியிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றார் சார். நான் வேண்டாம் என்றேன். அவர் கேஸ் போட்டால் ஆய்வுக்கூடத்தையே மூட வேண்டியிருக்கும், இங்கே நடக்க வருகிறவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டேன். அன்று நான் கேட்டது நியாயமான கேள்வி என்றே இன்றும் நினைக்கிறேன். "மூடினா மூடட்டும். அந்தம்மா தன் கால்மேல தப்புன்னு நெனச்சுண்டிருக்கா. தப்பு என்மேல" என்றார். கூடப் போனேன்.

செல்வி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சார் சுற்றி வளைக்கவில்லை. "நான் போட்ட கணக்கு தப்பும்மா. உங்களுக்கு அந்த ஆபரேஷன் தேவையே இல்லை" என்றார்.

செல்வி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இன்னா சார் சொல்ற? அப்போ சும்மாவா அறுத்தாங்க?"

"ஆமா."

"ரெண்டு மாசம் கட்டு போட்டுக்கினு கெடந்தேன். எம்பொண்ணு வேலைக்குப் போவாம என்னிய பாத்துக்கினு இருந்துச்சு. நான் சரியா எக்சர்சைஸ் பண்லன்னு அது என்னிய திட்டாத நாளு இல்ல. இப்போ வந்து தப்புன்ற."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நாங்கள் தாங்கியிருப்போம். சார் தலையைக் குனியாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் செல்விதான் கேட்டார்: "செரி, இப்போ இன்னா பண்ணலாம்ன்ற?"

"கெண்டைக்காலுக்குப் பயிற்சி கொடுக்கலாம். கொஞ்சம்தான் தேறும். நானே வந்து பாத்துண்டே இருக்கேன்."

திரும்பும் வழியில், ஏன் மன்னிப்பு கேட்கவில்லை என்று கேட்டேன். "மன்னிப்பு கேட்டா அவா எனக்கு எதையோ குடுக்கணும்னு ஆயிடும். குடுக்க வேண்டியவன் நான்" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனார். லாரிகள் சரக்கு இறக்கும் அந்தத் தெருவிலேயே செல்வியை நடக்க வைத்துப் பதிவெடுப்பார். முடிந்தபோதெல்லாம் நானும் போனேன். செல்வி ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. "பேசிக்கினே நிக்கிறியே, ஒயர ஒட்டு சார். தண்ணி தெளிச்ச துணி காயுது" என்று அதட்டுவார். சாருக்கு அந்த அதட்டல் பிடித்திருந்தது என்று எனக்குச் சந்தேகம். கால் முழுதாகச் சரியாகவில்லை, ஆகவும் ஆகாது. ஆனால் விரல் தரையில் இழுபடுவது நின்றது. வண்டியில் சாயாமல் காலை நேரம் முழுக்க நின்று இஸ்திரி போட முடிகிறது. திருத்திய புரோகிராம் இப்போது, சத்தமே இல்லாத தசையைப் பார்த்தால் 'தெரியவில்லை' என்று எழுதுகிறது. அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்த அன்று, அவர் அறையில் எல்லோருக்கும் போண்டா வாங்கித் தந்தார்.

தகனம் முடிந்தபின் செல்விக்கு நான்தான் போன் செய்தேன். சார் போய்விட்டதைச் சொன்னேன்.

"நல்லாத்தானே இருந்தாரு. போன வாரங்கூட லேட்டா வந்தாருன்னு கத்தினேன்."

"தெரியும்க்கா. என்கிட்ட சொல்லிச் சிரிச்சார்."

பிறகு கேட்டார்: "அப்போ சனிக்கெழம யாரு வருவா?"

எனக்கு அந்தக் கணக்கு போடத் தெரியாது. காலைத் தொட்டுப் பார்க்கத் தெரியும், நடையைப் பார்க்கத் தெரியும். புரோகிராமை ஓட்டுவதற்கு ஆய்வுக்கூடத்தில் ஆள் இருக்கிறார்கள். சாருடைய மேசை, புத்தகங்கள், கணினி எல்லாம் யாருக்கு என்று நிர்வாகம் முடிவு செய்யட்டும். அவரிடமிருந்து எனக்கு வேண்டிய சனிக்கிழமைகளை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

நாளை சனிக்கிழமை. வெயில் ஏறுவதற்குள் வந்துவிடச் சொல்லியிருக்கிறார் செல்வி.