சைரன் ஊதாத காலை

அடிவயிற்றிலிருந்து கிளம்புகிற மாதிரி ஓர் உறுமல், அது ஏறி ஏறிக் காதைக் குடையும் ஓலமாகி, காப்பிச் செடிகளின் மேலாகப் பரவி, எதிர் மலையில் மோதித் திரும்பும். ஏற்காட்டு மலையில் மாரமங்கலத்துக்கு அப்பால் நாங்கள் இருந்த எஸ்டேட்டில் பொழுது விடிவது இப்படித்தான். ஆள்கணக்கு எழுதும் ரைட்டர் அதைச் 'சைரன்' என்பார். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் அதற்குப் பெயர் 'சங்கு'. முதல் சங்குக்கு அடுப்பு மூட்ட வேண்டும், இரண்டாவதற்கு வேலைக்குப் போய் நிற்க வேண்டும். பிந்தியவர்களை ரைட்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் வீட்டுக் கடிகாரம் செல் தீர்ந்து மாதக்கணக்கில் நின்று கிடந்தது. கேட்டால், "சங்கு ஊதறப்ப செல்லு எதுக்கு கண்ணு" என்பாள் அம்மா.

எட்டாம் வகுப்பில் எனக்கு ஏற்காட்டில் உதவித்தொகைத் தேர்வு வந்தது. தேறினால் ஹாஸ்டலில் தங்கி மேலே படிக்கலாம். இல்லையென்றால் அம்மாவோடு காப்பிப் பழம் பறிக்கப் போகவேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சு. அன்று காலை கரண்ட் இல்லை, அதனால் சங்கும் ஊதவில்லை. பனிமூட்டத்தில் வெளிச்சத்தை வைத்து நேரம் சொல்லவும் வழியில்லை. நானும் அம்மாவும் விழித்தபடியே முதல் சங்குக்காகப் படுத்துக் கிடந்தோம். கீழே ரோட்டில், காலையில் இருந்த ஒரே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனபோதுதான் அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"பஸ்ஸே போயிருச்சே சாமி."

சீருடையை மாட்டிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினாள். இரண்டு வளைவு தாண்டியிருப்போம், கரண்ட் வந்துவிட்டது போலிருக்கிறது. வேலைக்கு அழைக்கும் நீளச் சங்கு ஊதியது. அம்மாவின் கால்கள் தாமாக நின்றன. பறிப்புக் காலத்தில் வராதவர்களை ரைட்டர் லேசில் மறக்கமாட்டார். அவள் எஸ்டேட் பக்கம் திரும்பிப் பார்த்தாள். திரும்பிப் போய்விடுவாள் என்றே நினைத்தேன், அவள்மேல் ஆத்திரமாக இருந்தது.

"ஊதுனா ஊதிட்டுப் போவுது. நீ நட."

மிளகு மூட்டை ஏற்றி வந்த ஜீப்பைக் கை நீட்டி மறித்தாள். "ஏனுங்க, புள்ளைக்குப் பரீட்சைங்க, டவுன்ல எறக்கி உட்டுருங்க." அரை மணி நேரம் பிந்தித்தான் தேர்வுக்கு உட்கார்ந்தேன்.

சைரன் என்ற சொல்லின் பூர்வீகத்தை வெகுகாலம் கழித்து அகராதியில் பார்த்தேன். கிரேக்கக் கதைகளில் சைரன்கள் பாறைமேல் இருந்து பாடும் பெண்கள். கேட்ட மாலுமிகள் தம்மை மறந்து போய்ச் சாவார்கள். பிற்பாடு பிரெஞ்சுக்காரர் ஒருவர் துளையிட்ட தட்டைச் சுழற்றி ஒலியெழுப்பும் கருவி செய்தார்; அது தண்ணீருக்குள்ளும் ஒலித்ததால் அந்தக் கடல் பெண்களின் பெயரையே வைத்தாராம். அங்கிருந்து அந்தப் பெயர் கப்பலுக்கும் ஆலைக்கும் ஆம்புலன்ஸுக்கும் போயிற்று. கதையில் அந்தப் பாட்டைத் தாண்டிப் போனவர்கள் காதில் மெழுகை அடைத்துக்கொண்டார்கள். அம்மாவிடம் மெழுகு ஏதும் இருக்கவில்லை.

இப்போது அந்த எஸ்டேட்டில் சைரன் கிடையாது, செல்போனில் கூப்பிடுகிறார்கள். லைன் வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கிறது.

அந்தத் தேர்வில் நான் தேறவில்லை. முடிவு தெரிந்த அன்று, நாளைக்குப் பழம் பறிக்க வரட்டுமா என்று நானே கேட்டேன்.

"நாளைக்கு ஸ்கூல் இருக்குதில்ல" என்று சொல்லிவிட்டு அம்மா வேலைக்குப் போனாள்.