கன்றுத் தோலில் எழுதிய பாட்டு

சுனாமி அலை வந்து மூன்றாம் நாள், கிளிஞ்சல்மேட்டு நீலாயதாட்சி கருவேலம் புதருக்குள் புருஷனைத் தேடிக்கொண்டிருந்தாள். சிவபாலன் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவன். படகு கிடைத்தது, வலை கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. முள்ளில் ஏதோ பழுப்பாகத் தொங்கியது. அவன் சட்டையோ என்று கையைக் கிழித்துக்கொண்டு எட்டி எடுத்தாள்.

சட்டை இல்லை. காகிதமும் இல்லை. தொட்டதுமே தோல் என்று தெரிந்தது. சிவப்புக் கோடுகளின் மேல் கறுப்புச் சதுரங்கள், அவற்றுக்குக் கீழே புரியாத எழுத்து. ஓரத்தில் ஓர் எழுத்து மட்டும் சாண் உயரத்துக்கு, நீலமும் பொன்னுமாய்க் கொடி சுற்றி நின்றது. நீலம் கரைந்து வழிந்திருந்தது. பொன் அப்படியே இருந்தது.

“கடல் கொண்டாந்தத வச்சுக்காதடி, தூக்கிப் போடு” என்றார்கள் நிவாரண முகாமில். அவள் கேட்கவில்லை. அரிசி மூட்டைக்கு அடியில் வைத்து அதை நிமிர்த்தினாள்.

அதிகாரிகள் இருமுறை வந்தார்கள். இறந்துவிட்டார் என்று கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். “கண்ணால பாக்காதத எப்படிங்க எழுதித் தர்றது?” என்று பேனாவைத் தள்ளிவிட்டாள். கருமாதியும் செய்யவில்லை.

பொன்னெழுத்துக்குள் சின்னதாக ஒரு சிலுவை இருப்பதை ஆவணியில்தான் கவனித்தாள். மறுநாளே ஏட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு காரைக்கால் மாதா கோயிலுக்குப் போனாள். பங்குச் சாமியார் அதை வெகுநேரம் பார்த்தார்.

“அச்சு வராத காலத்துல கன்னுக்குட்டித் தோல்ல எழுதுனதும்மா. ஐந்நூறு வருசத்துக்கு மேல இருக்கும். அரசலாத்தங்கரையில மதாம் ரோசாலி வீட்டுது. அவங்க வீட்டுக்காரர் பிரான்சு பட்டாளத்துலேர்ந்து வர்றப்ப கொண்டாந்தார். தண்ணியில போயிருச்சுன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க.”

“என்ன எழுதியிருக்குங்க சாமி?”

அவர் தயங்கினார். “செத்தவங்களுக்கான பூசையில லத்தீன்ல பாடுறது. இந்தக் கறுப்புச் சதுரமெல்லாம் சுரம். இவங்களுக்கு இளைப்பாறுதல் குடுன்னு ஆண்டவர்கிட்ட கேக்குறாங்க.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“திருப்பிக் குடுக்குறதுக்கு முன்னால ஒரு தடவ பாடுங்க சாமி. எங்க வீட்டுக்காரருக்கு.”

“அவரு பேரும்மா?”

கல்யாணமான பதினெட்டு வருடத்தில் அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. “சிவபாலன்” என்றாள்.

சாமியார் கறுப்புச் சதுரங்களை விரலால் தொடர்ந்தபடி பாடினார். அழிந்த இடங்களில் நின்று, யோசித்து, மறுபடி தொடங்கினார். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எட்டு மாதமாக வராத அழுகை வந்தது. அவர் பாட்டை நிறுத்தவில்லை.

அன்றே ஏட்டை ரோசாலியிடம் அவள் கையாலேயே கொடுத்தாள். நடந்ததைச் சாமியார் சொன்னார். அந்த அம்மாள் கரைந்த நீலத்தைத் தடவிப் பார்த்தார். “முப்பது வருசம் எங்க சுவத்துல தொங்குச்சு. யாரும் பாடச் சொல்லிக் கேட்டதில்லயே” என்றார்.

மறுவாரம் நீலாயதாட்சி கையெழுத்துப் போட்டாள். கடற்கரையில் கருமாதி நடந்தது. ஐப்பசியில் கூடையைத் தூக்கிக்கொண்டு கோவில்பத்துப் பக்கம் மீன் விற்கக் கிளம்பினாள். வெள்ளிக்கிழமைகளில் ரோசாலி வீட்டிலும் இறக்குவாள். இருவரும் பெரும்பாலும் மீனைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள்.