இரண்டு நிலையங்களுக்கு மணி அடித்த என் தங்கை

என் தங்கை தீயணைப்புத் துறையின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறாள். எங்காவது தீ பிடித்து நீங்கள் கூப்பிட்டால், எடுத்துப் பேசுவது அவளாக இருக்கலாம். எனக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றது. பதினேழு வருடமாகப் பார்சல் வேன் ஓட்டுகிறேன். எழுதிப் பழக்கமில்லை என்பதால் நேரம், தூரம் எல்லாவற்றையும் அவளிடம் இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மூன்று நாற்காலி, மூன்று தொலைபேசி, ஒரு சுவர் முழுக்க ஊரின் வரைபடம். வரைபடத்தில் ஏழு நிறங்கள். ஒவ்வொன்றும் ஒரு தீயணைப்பு நிலையத்தின் எல்லை. பச்சைக்குள் தீ என்றால் பச்சை நிலையத்துக்கு மணி, மஞ்சளுக்குள் என்றால் மஞ்சளுக்கு. அழைப்பு வந்த அறுபது விநாடிக்குள் மணி அடித்துவிட வேண்டும். போய்ச் சேர்ந்த வண்டி போதாது என்று தெரிந்தால்தான் இன்னொரு நிலையத்தைக் கூப்பிடலாம். அதற்கும் அறைப் பொறுப்பாளரின் அனுமதி வேண்டும்.

சேர்ந்த முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். ஒரு தவறு போதும், வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்தப் பயத்தில் அவளுக்கு வீட்டிலும் அதே பேச்சுதான். ஒருநாள் அம்மா போன் செய்து, "பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊத்திடுச்சு, வரும்போது வாங்கிட்டு வாடி" என்றார். இவள், "எந்த மாடி? உள்ள யாராவது மாட்டிக்கிட்டிருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"நான்தான் மாட்டிக்கிட்டேன், உன்னைப் பெத்து" என்று அம்மா போனை வைத்துவிட்டார்.

பக்கத்து நாற்காலிக்காரரை எல்லோரும் 'வெளிநாட்டார்' என்பார்கள். ஒன்பது வருடம் வேறு நாடுகளில் இதே வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அழைப்பு இல்லாத நேரத்தில் அந்தக் கதைதான்.

"அங்க ஒருத்தர் பேசிக்கிட்டே தட்டச்சு பண்ணுவார். அதைப் படிச்சுக்கிட்டே இன்னொருத்தர் வண்டியை அனுப்பிடுவார். பேச்சு முடியறதுக்குள்ள வண்டி பாதி வழி போயிருக்கும்."

"நிறமெல்லாம் பார்க்க மாட்டாங்களா சார்?"

"எந்த வண்டி சீக்கிரம் போய்ச் சேரும்னு கம்ப்யூட்டர் சொல்லும். அடுத்த ஊர் வண்டியா இருந்தாலும் அதுதான் போகும். இன்னொரு நாட்டுல, சின்ன ஊர்கள்ல சம்பளத்துக்கு ஆளே கிடையாது, ஊர்க்காரங்களே தீயணைக்கப் போவாங்க. இடுப்புல இருக்கற கருவி கத்தினா, முடி வெட்டறவர் பாதித் தலையோட ஆளை விட்டுட்டு ஓடிடுவார்."

"மீதித் தலை?"

"தீ அணைஞ்சதும்."

ஐந்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி எட்டு நிமிடத்துக்கு சோபா செய்யும் பட்டறை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. பஞ்சு அறையில் தீ. மாடியில் நான்கு பேர் தையல் வேலையில் இருக்கிறார்கள், படிக்கட்டில் புகை. இடம் மஞ்சளுக்குள். மஞ்சள் நிலையம் இரண்டே கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் ரயில்வே கேட். சரக்கு ரயிலுக்காக மூன்று ஐந்துக்கு மூடினால் மூன்று இருபதுக்குத்தான் திறப்பார்கள். இது வரைபடத்தில் இல்லை. அவளுக்குத் தெரிந்ததற்குக் காரணம் நான். அந்தக் கேட்டில் சிக்கிவிட்டு வந்து, சாப்பிடும்போது நான் அதைத் திட்டாத நாளே கிடையாது.

பச்சை நிலையம் ஐந்து கிலோமீட்டர், வழியில் கேட் இல்லை. பொறுப்பாளருக்குப் போன் போட்டாள். அவர் கூட்டத்தில் இருந்தார், எடுக்கவில்லை. ஐம்பதாவது விநாடியில் இரண்டு நிலையங்களுக்கும் மணி அடித்துவிட்டாள்.

"ஏம்மா, ரெண்டையும் அடிச்சிட்டியா?" என்றார் வெளிநாட்டார்.

"கேட் மூடியிருந்தா பச்சை முதல்ல போகும். திறந்திருந்தா மஞ்சள் முதல்ல போகும்."

"நீ சோதனைக் காலத்துல இருக்கே."

"அந்த நாலு பேரும்தான் சார்."

பச்சை வண்டி மூன்று பதினேழுக்குப் போய் ஏணி வைத்து நான்கு பேரையும் இறக்கியது. மஞ்சள் வண்டி கேட்டில் நின்றுவிட்டு மூன்று இருபத்துமூன்றுக்கு வந்தது. பதினோரு சோபாக்கள் கரியாயின. யாருக்கும் காயமில்லை.

ஆனால் நிலையத்துக்கு ஒரு வண்டிதான் என்பதால், அவ்வளவு நேரமும் இரண்டு எல்லைகளில் ஒரு வண்டிகூட இல்லை. மறுநாள் காலை பொறுப்பாளர் அவளைக் கூப்பிட்டார். நான்தான் வேனில் கொண்டுபோய் விட்டு, வாசலில் காத்திருந்தேன். உள்ளே நடந்ததை அவள் பிறகு சொன்னபடியே எழுதுகிறேன்.

"அந்த நேரத்துல பச்சைக்குள்ள ஒரு தீ பிடிச்சிருந்தா?"

"ஆபத்துதான் சார்."

"கேட் மூடியிருக்கும்னு யார் சொன்னது?"

"எங்க அண்ணன் சார். பார்சல் வேன் ஓட்டறார்."

"நம்ம துறைக்கு ஆலோசகர் உங்க அண்ணனா?"

"அவர் தினமும் அங்க நிக்கறார் சார். நம்ம யாரும் நிக்கறதில்லை."

பொறுப்பாளர் பேனாவை மூடித் திறந்து, மறுபடி மூடினாராம். "நாளைக்கே இப்படி ஒரு அழைப்பு வந்தா என்ன செய்வே?"

அனுமதிக்காகக் காத்திருப்பேன் என்று சொன்னால் தப்பித்திருப்பாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பொய் வராது, மூக்கு சிவந்துவிடும். "முதல்ல உங்களைக் கூப்பிடுவேன் சார். நீங்க எடுக்கலைன்னா ரெண்டையும் அடிப்பேன்."

நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தாள். கையில் ஒரு காகிதம்.

"என்ன ஆச்சு?"

"கண்டிச்சு கடிதம். அனுமதி இல்லாம அடிச்சதுக்கு."

"அப்போ வேலை?"

"வண்டியில பெட்ரோல் இருக்கா அண்ணா?"

"எதுக்கு?"

"ஊர்ல ஒன்பது ரயில்வே கேட் இருக்காம். எது எப்ப மூடும், எப்ப திறக்கும்னு வெள்ளிக்கிழமைக்குள்ள பட்டியல் வேணுமாம். வரைபடத்துல ஒட்டணும்னார். கேட் மூடற நேரத்துல இனிமே ரெண்டு நிலையத்துக்கும் மணி, யாரையும் கேட்க வேண்டாமாம்."

வேலையை விட்டு அனுப்பப்போகிறவளிடம் யாரும் பட்டியல் கேட்க மாட்டார்கள். எனக்கு அது உறைக்க ஒரு நிமிடம் ஆனது.

"ஏறு" என்றேன். ஏழு கேட்களின் நேரத்தை வழியிலேயே சொல்லிவிட்டேன். மீதி இரண்டுக்கும் நேரிலேயே போய், ரயில் வரும்வரை நின்று குறித்துக்கொண்டோம். அன்றைய பார்சல்கள் ஒன்றரை மணி நேரம் தாமதம். அடுத்த மாதம் முப்பதாம் தேதி அவள் வேலை நிரந்தரமானது.