உபதேசியார் கேட்டது

யேசுதாஸ் உபதேசியாருக்கு முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். தாமலில் ஒரு வீட்டு ஜெபம் முடிந்து அவரும் மனைவி பிரவீனாவும் மொபெட்டில் காஞ்சிபுரம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தப்பான பக்கத்தில் எதிரே வந்த பைக் மோதியது. பின்னால் உட்கார்ந்திருந்த பிரவீனாவுக்குத் தலையில் அடி. பைக்கில் வந்தவன் இளவரசன், முசரவாக்கத்துக்காரன். நல்ல போதையில் இருந்தான்.

பலத்த அடிபட்ட அவனையும் பிரவீனாவையும் ஒரே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிரவீனா பெரிய காஞ்சிபுரத்துத் தறி வீடுகளுக்குப் போய், தறியில் தீரும் பாவு நூலோடு புதுப் பாவைப் பிணைப்பவள். ஆயிரக்கணக்கான இழைகளை ஒன்றுகூட விடாமல் முடிச்சுப் போடும் விரல்கள் கட்டிலில் அசையாமல் கிடந்தன. யேசுதாஸ் பக்கத்தில் முழங்கால் போட்டுக்கொண்டே இருந்தார். உயிரைக் கொடுப்பதும் எடுப்பதும் ஆண்டவர் இஷ்டம், நாம் கேட்கத்தான் முடியும் என்று இருபத்தாறு வருஷமாக நோயாளிகளின் தலைமாட்டில் நின்று சொல்லிவந்தவர். இப்போது கேட்டார். பட்டினி கிடந்து கேட்டார்.

மூன்றாம் நாள், நெற்றியில் விபூதியோடு இளவரசனின் தாய் ரேணுகாம்பாள் வந்து நின்றாள்.

“ஐயா, உங்க முன்னாடி நிக்கவே எனக்கு யோக்கியதை இல்ல. எம் புள்ள பேச்சு மூச்சு இல்லாம கெடக்கறான். நீங்க ஜெபம் பண்றவருன்னு சொன்னாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க.”

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போய் அவன் தலையில் கை வைத்தார். வாய் அவன் சுகத்துக்காக வேண்டியது. மனசு வேறொன்று கேட்டது: இவனை எடுத்துக்கொள்ளும், அவளை விட்டுவிடும்.

ஐந்தாம் நாள் காலை பிரவீனா போய்விட்டாள். அன்று மத்தியானமே இளவரசன் கண் திறந்து தண்ணீர் கேட்டான்.

ஒன்றரை வருஷம் கழித்து, வழக்கு கோர்ட்டில் இருக்கும்போதே, அவன் சபைக்கு வந்தான். குடியை விட்டிருந்தான். ஒரு காலை இழுத்து நடந்தான். ஞானஸ்நானம் வேண்டும் என்றான். அதற்குப் பாடம் சொல்லித்தருவது உபதேசியார் வேலை.

“முடியலன்னா நான் பாத்துக்கறேன்,” என்றார் ஆயர்.

“என் வேலைதானேங்க,” என்றார் யேசுதாஸ்.

நாலு வாரம் அவன் முகத்தைப் பார்க்காமலே சொல்லிக்கொடுத்தார். கடைசி நாள் இளவரசன் அவர் காலைத் தொடக் குனிந்தான்.

“உங்க ஜெபத்தாலதான் ஐயா உயிரோட இருக்கறேன்.”

“தொடாத. நீ சாவணும்னு கேட்டுக்கினு இருந்தவன் நான்.”

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“அப்ப நான் பொழச்சது எங்க அம்மா கேட்டதுக்காகவா?”

“கேட்டாக் கெடைக்கும்னா என் பிரவீனாவும் இருந்திருக்கணும்பா. ஆண்டவரு உனக்கு ஏன் இரங்குனாரு, அவளுக்கு ஏன் இரங்கலன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தகுதி இல்ல, அது தெரியும்.” பாடப் புத்தகத்தை மூடிவைத்தார். “எனக்கும் இல்ல.”

“ஞாயித்துக்கெழம நான் வரலாமா, வேணாமா?”

“வா. வராதன்னு சொல்ல நான் யாரு?”

ஞாயிறன்று ஆயர் இளவரசனின் தலையில் தண்ணீர் ஊற்றும்போது கிண்ணத்தைப் பிடித்திருந்தவர் யேசுதாஸ்தான். சபை எழுந்து பாடியது. அவர் பாடவில்லை. ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் பிரவீனாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டே ஆண்டவரோடு சண்டை போட்டார். சண்டை போட்டதற்கு மன்னிப்புக் கேட்கவும் அவரிடமே போகவேண்டியிருந்தது. வேறு ஆள் இல்லை.