முதலில் கை நீட்டியவர்

ஒருவர் நாட்டை மற்றவர் அழிப்பதாகச் சபதமிட்ட இரண்டு தலைவர்கள் கைகுலுக்கியதை, கல்முனைக்குடி சலூன் ஒன்றில் பாதி முகச் சவரத்தோடு டிவியில் பார்த்தேன். பக்கத்து நாற்காலிகளில் மீன்வலைக் கடைக்காரரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் இருந்தார்கள். தினமும் சேர்ந்தே தேநீர் குடிக்கும் கூட்டாளிகள்.

"நம்மட ஆள்ட கைதான் மேல இரிக்கி, பாத்தீங்களா சேர்?" என்றார் கடைக்காரர். அந்த 'நம்மட ஆளுக்கு' இப்படியொரு ஊர் இருப்பதே தெரியாது.

"மேல இரிந்து என்ன காக்கா? முதல்ல நீட்டினதும் அவர்தானே. அது தோல்வி." கடைக்காரரை அண்ணன் முறையில் 'காக்கா' என்றுதான் அழைப்பார் ஆசிரியர்.

"நீட்டினவன்தான் ஆம்பிள!"

"உங்களுக்கு அரசியலும் விளங்கா, டிவியும் விளங்கா."

கடைக்காரர் பாதி வெட்டிய தலையோடு எழுந்து போய்விட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. தலைவர்களோ அடுத்த கிழமையே பழையபடி குண்டு போடத் தொடங்கினார்கள்.

பெருநாள் தொழுகை முடிந்து எல்லோரும் கைகொடுத்து முஸாபஹா செய்துகொண்டிருந்தபோது, இவர்கள் இருவரும் நேருக்கு நேர் அகப்பட்டார்கள். நடுவில் நான் நின்றேன். கை நீட்டுவது தோல்வி என்றவர் நீட்டாதது சரி. நீட்டினவன்தான் ஆம்பிளை என்றவரும் நீட்டவில்லை. கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. வேறு வழியில்லாமல் இருவரும் ஒரே நேரத்தில் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். உலக சமாதானம் என் மூச்சை முட்ட வைத்தது.

இன்றுவரை அவர்கள் கதைப்பதில்லை. ஒருவர் சலூனில் முடி வெட்டிக்கொள்ளும்போது மற்றவர் தெருவில் சைக்கிளைப் பிடித்தபடி வெயிலில் காத்திருக்கிறார்.