ஐந்நூறு வரிகளில் ஒன்று

ஹெப்சி சிட்லபாக்கத்தில் குடியிருந்தாள். சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ஏழு வருடமாக வேலை. மருத்துவமனைகளுக்கு நோயாளிப் பதிவு செய்யும் மென்பொருளை அவர்கள் செய்து கொடுத்தார்கள். தாம்பரத்தில் ஒரு மருத்துவமனை அதை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தது.

புதிய வாடிக்கையாளர்களுக்கு டெமோ காட்ட வேண்டியிருந்தது. காலி அட்டவணையைக் காட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள். முதலாளி துளசிங்கத்திடம் ஹெப்சி சொன்னாள்: "பொய்ப் பேர், பொய் முகவரி போட்டு நானே நிரப்பித் தர்றேன் சார். ரெண்டு நாள் குடுங்க."

"ரெண்டு நாளா? நாளைக்கு டெமோம்மா" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் அவள் கிளம்பிய பிறகு, பக்கத்து மேசைக்காரன் பிரணவ் வேலையை முடித்துவிட்டான். தாம்பரம் மருத்துவமனையின் உண்மையான அட்டவணையிலிருந்து ஏதாவது ஐந்நூறு வரிகளைக் குலுக்கி எடுத்து டெமோ அட்டவணையில் கொட்டும்படி ஒரு கட்டளை எழுதினான். பேர், வயது, தெரு, வியாதி எல்லாம் அப்படியே வந்து விழுந்தன.

மறுநாள் காலை முடிச்சூரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஜெபராஜும் இன்னும் மூன்று பேரும் வந்திருந்தார்கள். ஜெபராஜ், ஹெப்சி ஞாயிறுதோறும் போகும் சபைக்கே வருகிறவர். துளசிங்கம் டெமோ அட்டவணையைப் புரொஜெக்டரால் சுவரில் விழச் செய்து, பக்கத்தைக் கீழே உருட்டினார்.

ஹெப்சி ஷெர்வின், வயது 33, சிட்லபாக்கம். கருச்சிதைவு, இரண்டாவது முறை.

தாம்பரம் மருத்துவமனையில்தான் அவள் சிகிச்சை எடுத்திருந்தாள்; அவளும் கணவன் ஷெர்வினும் மாமியாரிடம்கூடச் சொல்லாத விஷயம் அது. ஜெபராஜ் படித்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். துளசிங்கம் கவனிக்கவில்லை, எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது பாருங்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். ஹெப்சி எழுந்து போய் லேப்டாப் கேபிளைப் பிடுங்கினாள்.

"அது நான்தான் சார்" என்றாள். "இதுல இருக்கிற எல்லாரும் நிஜ ஆளுங்க. டெமோ முடிஞ்சுது."

வந்தவர்கள் போன பிறகு துளசிங்கம் கத்தினார். "கஸ்டமர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்டியே. உன் பேர் வரும்னு யாருக்குத் தெரியும்?"

பிரணவ் தன் மேசையிலிருந்து எழுந்து வந்தான். "அக்கா, சத்தியமா வேணும்னு பண்ணல. ரேண்டமாத்தான் வந்துச்சு."

"ரேண்டமா எடுத்தா அது யாரோடதும் இல்லைன்னு ஆயிடுமா, பிரணவ்? நான் இங்க இருந்தேன், பாத்தேன். மத்தவங்களுக்குத் தெரியவே தெரியாதே. அவங்க வந்து யாரைக் கேப்பாங்க?"

"ஒரு வரியை அழிச்சுட்டா முடிஞ்சுது. இதைப் போய்ப் பெருசாக்கிட்டு" என்றார் துளசிங்கம்.

அந்தப் பேச்சைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் தாம்பரம் மருத்துவமனைக்குப் போனாள். நிர்வாக அதிகாரி அமலராணியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அமலராணி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "எங்க பேஷண்ட்டுங்க டீட்டெயில் உங்க ஆபீஸ் சுவத்துலயா?" நோயாளித் தகவல்களைப் பார்க்க நிறுவனத்துக்கு இருந்த அனுமதியை அன்று மதியமே மருத்துவமனை நிறுத்தியது. பிறகு ஒப்பந்தத்தையும் முறித்தது. சம்பந்தப்பட்ட நோயாளிகளுக்குத் தகவல் சொல்வதாக அமலராணி வாக்குக் கொடுத்தார்.

வீட்டில் ஷெர்வின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெளியில இருந்து தெரியறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட நாமளே சொல்லிடலாம்" என்றான். சொன்னார்கள். மாமியார் செல்லம்மா அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். ஜெபராஜ் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஹெப்சி வேலையை விட்டுவிட்டு இப்போது குரோம்பேட்டையில் வேறு இடத்தில் இருக்கிறாள். பழைய முதலாளி அவளைப் பற்றிப் பார்க்கிறவர்களிடமெல்லாம், "சொந்தப் பிரச்சினையை ஆபீசுக்குக் கொண்டுவந்து காண்ட்ராக்டைக் கெடுத்தவ" என்று சொல்வதாகக் கேள்விப்பட்டாள்.

"நானா கொண்டுவந்தேன்?" என்று அதை வந்து சொன்னவரிடம் கேட்டாள். இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் அவளுக்குக் குரல் நடுங்கும். அழுகையால் அல்ல, கோபத்தால்.