விழாத நாட்கள்

முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸுக்கு முதலில் வேண்டியது பொறுமை என்பார்கள். அப்படிச் சொல்பவர்களில் ஒருவர்கூட அந்த வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. சட்டென்று பேச வாய் வராது, அவ்வளவுதான். அதைப் பொறுமை என்று எடுத்துக்கொண்டு இன்டர்வியூவிலேயே பாராட்டிவிட்டார்கள். இந்த வேலையில் இருக்கும் தோழிகளே, இனி நான் சொல்வதில் பாதியாவது உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் உங்கள் குலசாமிக்கு ஒரு தேங்காய் உடையுங்கள்.

எந்த லைன்?

ஒரகடத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். அறையில் மற்ற எல்லோரும் கம்பெனிப் பெண்கள். ஒருத்தி செல்போன் பாகம் பொருத்துகிறாள், ஒருத்தி கார் ஒயர் கட்டுகிறாள். பெரும்பாலும் என்னைப்போலத் தெற்கிலிருந்து வந்தவர்கள். ஷிப்ட் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போகும். நான் மட்டும் ஷேர் ஆட்டோவில் ஒடுங்கி உட்கார்ந்து பிள்ளைப்பாக்கம் பக்கம் இருக்கும் எங்கள் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போவேன்.

வந்த அன்று பக்கத்துக் கட்டில் முத்துலட்சுமி, "எந்தக் கம்பெனி? எந்த லைன்?" என்று கேட்டாள். நர்ஸ், வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பி.எஸ்சி. நர்சிங் படித்தவள் என்று மெல்லச் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் உண்மையான அக்கறையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "கவலப்படாத புள்ள, எங்க லைன்ல ஆள் எடுக்காங்க, நான் சொல்லுதேன். பீத்துணி மாத்துறதுக்கா இம்புட்டுப் படிச்ச?"

கடைசி அத்தியாயம்

அவளைக் குறை சொல்லி என்ன பயன்? என் கல்லூரியே அப்படித்தான் நினைத்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தனிப் பாடம், தனிப் புத்தகம், தனி வார்டில் பயிற்சி. பிரசவத்துக்கும் அப்படியே. முதியவர்களுக்கு மட்டும் வேறொரு தடிமனான புத்தகத்தின் கடைசியில் ஒரு அத்தியாயம். அதை நடத்த வேண்டிய வாரத்தில் கல்லூரி ஆண்டு விழா வந்துவிட்டது.

நூலகத்தில் நானாக உட்கார்ந்து படித்தேன். ஒரு காலத்தில் வெளிநாடுகளில் ஆதரவற்ற முதியவர்களைப் பெரிய பெரிய விடுதிகளில் கட்டிலோடு போட்டு வைத்திருந்தார்கள். இவர்களுக்கு வந்த நோயில் பாதி கட்டிலால் வந்தது என்று சில மருத்துவர்களும் நர்ஸ்களும் கண்டுகொண்டார்கள். எழுப்பி உட்கார வைத்தார்கள், நிற்க வைத்தார்கள், பலர் நடந்தார்கள். முதியோர் நலம் தனிப் படிப்பானது அதன் பிறகுதான். எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது. மேடமிடம் போய், இந்த அத்தியாயத்தை நடத்த மாட்டீர்களா என்று கேட்டேன். நான் வாய் திறந்து கேட்ட ஒரே கேள்வி அது. "பரீட்சைக்கு வராதும்மா அது. எல்லார் வீட்லயும் ஒரு வயசானவங்க இருப்பாங்கல்ல, அவங்களப் பாத்துக் கத்துக்கோங்க."

போர்டு

இந்த வட்டாரத்தில் கம்பெனி வாசல்களில் ஒரு போர்டைப் பார்த்திருப்பீர்கள்: விபத்தில்லாமல் கடந்த நாட்கள் இத்தனை என்று. எங்கள் மேனேஜர் முன்பு ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர். எங்கள் வரவேற்பறையிலும் ஒரு போர்டு மாட்டியிருக்கிறார். 'கீழே விழாத நாட்கள்.' காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றும் முன் எண்ணை மாற்றுவார். பெற்றோரைச் சேர்க்க வருகிற பிள்ளைகள் அந்த போர்டைப் பார்த்து மயங்கிப்போவார்கள். அந்த எண் எப்படி ஏறுகிறது என்று யாரும் கேட்டதில்லை. எழுந்தால்தானே விழுவார்கள்? எங்கள் இல்லத்தில் யாரையும் எழ விடுவதில்லை. எல்லோருக்கும் டயப்பர். அது நனையாமல் இருக்க, மாலை டீக்குப் பிறகு தண்ணீரும் கிடையாது.

கன்னியம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கேட்டிலிருந்து நடந்து வந்தார். பென்னலூர்க்காரர். ஒரகடம் கூட்டு ரோட்டில் டிபன் கடை வைத்து நடத்தியவர். வீட்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, நடக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். மகன் குமரேசன் கார் உதிரி பாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். மருமகளுக்கும் ஷிப்ட் வேலை. பகலில் வீட்டில் ஆள் இல்லை. "தானா பாத்ரூம் போய் வர அளவுக்கு ஆயிட்டா கூட்டினு போயிடுறேம்மா" என்று எங்கள் எல்லோர் முன்னிலையிலும் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான். அவன் வண்டி தெருமுனை திரும்பியதும் கன்னியம்மாவை மூன்றாம் கட்டிலில் படுக்க வைத்து டயப்பர் கட்டச் சொன்னார் மேனேஜர். வாக்கர் ஸ்டோர் ரூமுக்குப் போனது. "சார், அவங்க நடக்கிறாங்களே" என்றேன். அவர் கோபப்படவே இல்லை, பாடம் நடத்துவதுபோலச் சொன்னார்: "நடக்கிறவங்கதாம்மா விழுவாங்க. படுத்திருக்கறவங்க விழுந்து நீ பாத்திருக்கியா?"

செல்வி அக்கா

கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் சேர்த்துப் பகலில் ஆயா ஒருவர்தான், செல்வி அக்கா. பிள்ளைப்பாக்கத்துக்காரர். கன்னியம்மாவை நாம் இருவரும் பிடித்து நடக்க வைப்போம் அக்கா என்று கெஞ்சினேன். கட்டிடம் முன்பு ஆண்கள் ஹாஸ்டலாக இருந்தது. அதனால் கழிப்பறை வராந்தாவின் அந்தக் கோடியில். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆள் போடாதவர்கள்மேல் வர வேண்டிய கோபம் எங்கள் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு வந்தது. "நீ படிச்சவ, நடக்க வையின்னு சொல்லிட்டு போயிருவே. வுழுந்தா தூக்குறவ யாரு, உன் காலேஜா?"

பார்சலா, இங்கயா?

சில வாரம் போயிருக்கும். ஒரு காலையில் நான் ரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது கன்னியம்மா என்னை உற்றுப் பார்த்து, "பார்சலா, இங்கயா?" என்றார். பிறகு போர்வைமேல் இல்லாத மாவை ஊற்றி, தோசைபோல வட்டமாகத் தேய்த்தார். "நிக்காத, தள்ளு, அந்த ஷிப்ட்காரப் பசங்களுக்கு நேரமாவுது" என்று என்னை விரட்டினார். வாடிக்கையாக வரும் டாக்டர் வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டு, வயசாகிவிட்டது, இனி இப்படித்தான் இருக்கும் என்றார். மேனேஜர் தலையாட்டினார்.

வயதானவர்களுக்குச் சிறுநீரில் கிருமி சேர்ந்தால் காய்ச்சல் வராமலே புத்தி தடுமாறலாம் என்று அந்தக் கடைசி அத்தியாயத்தில் இருந்தது. தண்ணீரைக் குறைத்து, நனைந்த டயப்பரோடு போட்டு வைத்தால் கிருமி வராமல் என்ன வரும்? டாக்டரின் பின்னாலேயே வெளியே ஓடிப்போய், கார்க் கதவைச் சாத்தும் நேரத்தில், "சார், யூரின் டெஸ்ட்" என்று மட்டும் சொன்னேன். என்ன நினைத்தாரோ, எழுதிக் கொடுத்தார். கிருமி இருந்தது. மருந்து கொடுத்தோம். மேனேஜர் கண்ணில் படாமல் தண்ணீரும் கொடுத்தேன். தெளிந்து எழுந்த கன்னியம்மா, மாலையில் தண்ணீர் கிடையாது என்ற சட்டத்தை அப்போதுதான் முழுதாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவருக்கு வந்த கோபத்தைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. "நம்ம கடையில தண்ணி டம்ளர வெச்சிட்டுதான் இன்னா வோணும்னே கேப்பேன். இவன்லாம் இன்னாத்துக்குடா கட தொறந்து வெச்சிகினு கீறான்?"

சாப்பாட்டு நேரம்

செல்வி அக்காதான் சேதி கொண்டுவந்தார். மேனேஜர் போனில் குமரேசனிடம், அம்மா இனி படுத்த படுக்கைதான், இங்கேயே நிரந்தரமாக விட்டுவிடுங்கள் என்று சொன்னதைக் கேட்டிருக்கிறார். அதைப் பேசி முடிக்க அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம். கன்னியம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் மேனேஜர் சாப்பிடப் போனதும், அக்கா ஸ்டோர் ரூமிலிருந்து வாக்கரைத் தூக்கிவந்து கட்டிலருகில் வைத்துவிட்டு, வாசலில் காவலுக்கு நின்றார்.

கேட்டிலிருந்து நடந்து வந்த மனுஷி இப்போது எழுந்து நிற்க முடியாமல் நடுங்கினார். தொடைச் சதை கரைந்திருந்தது. கால் இரண்டும் வேறு யாருடையவோ போலத் துவண்டன. அந்தக் கால்களை நாங்கள்தான் அப்படி ஆக்கினோம். முதலில் கட்டில் ஓரம் உட்காருவது, பிறகு நிற்பது, பிறகு ஜன்னல்வரை, பிறகு வராந்தா. தினமும் அந்தச் சாப்பாட்டு நேரம் மட்டும்தான் எங்களுக்கு. நான் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வாங்கம்மா, மெல்ல வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டே போவேன். அவருக்கு வியர்த்துக் கொட்டும். ஆனாலும் என் தென்காசிப் பேச்சைக் கிண்டல் செய்ய மட்டும் மூச்சு இருக்கும். "வாங்க வாங்கன்னு இன்னாடி, கல்யாணத்துக்கா கூப்புடுறே? கக்கூசுக்குதான போறோம்!"

உள்ளே ஆள்

சொன்ன ஞாயிற்றுக்கிழமை குமரேசன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தான். மேனேஜர் அவனைக் கட்டிலருகிலேயே உட்கார வைத்து, கன்னியம்மா அங்கே இல்லாததுபோலப் பேச ஆரம்பித்தார். வயசு, ரிஸ்க், வீட்டில் யார் பார்ப்பது. குமரேசன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். நான் பேசினேன். குரல் கீச்சென்று வந்தது, பரவாயில்லை. "உங்க அம்மா இங்க நடந்துதான் வந்தாங்க. டயப்பர் கட்டிப் படுக்க வச்சது நாங்க. அதுலதான் கால் போச்சு. இப்போ மறுபடி நடக்கிறாங்க." மேனேஜர் எழுந்து, "சிஸ்டர், நீங்க வெளிய போங்க" என்றார். நான் போகவில்லை. ரிஸ்க் என்றால் என்ன தெரியுமா என்று அவர் கத்த, எனக்குத் தெரியும் என்று நானும் கத்தினேன்.

இந்தச் சத்தத்தில் கட்டில் காலியானதை யாரும் கவனிக்கவில்லை. வராந்தாவில் வாக்கர் தரையைத் தட்டும் ஓசை கேட்டது. வெளியே ஓடினோம். கன்னியம்மா பாதி தூரம் போயிருந்தார். பிடிக்கப் போன குமரேசனைச் செல்வி அக்கா கையை நீட்டித் தடுத்தார். நான் பின்னாலேயே போனேன், தொடவில்லை. தடுமாறினார், நின்றார், மூச்சு வாங்கினார், மறுபடி நடந்தார். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். அந்த ஓசை கேட்டதும் மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய், "தாப்பா போடக்கூடாதும்மா, தெறங்க!" என்று கதவை இடித்தார். உள்ளேயிருந்து நிதானமாகக் குரல் வந்தது: "ஆளு கீது உள்ள. அவசரம்னா மாடிக்குப் போ!"

அளவு

குமரேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உடனே கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தேன். அவ்வளவு லேசில் நடக்கிற காரியமா அது? "வூட்டு பாத்ரூம் ரொம்ப சின்னது சிஸ்டர், வாக்கர் போவாது" என்று என்னிடம் ஆரம்பித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆப்பிள் பையை வாங்கி எறிந்திருப்பேன். கதவைத் திறந்து வந்த கன்னியம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தார். சுவரில் கம்பி பொருத்தினால் வாக்கர் இல்லாமலே பிடித்துக்கொண்டு போகலாம் என்று நான் சொன்னேன். எங்கே, எந்த உயரத்தில் என்று அவர் இடுப்பளவில் என் கையை வைத்துக் காட்டினேன். குமரேசன் தரையைப் பார்த்தான். கன்னியம்மா அவனை நிமிர வைத்தார்: "அந்த பாத்ரூம நின்னு கட்டுனவளே நான்தான்டா. சின்னதா பெருசான்னு எங்கிட்டயே அளவு சொல்றியா? வண்டிய எடு!"

மூன்றாம் கட்டில்

எடுத்தான். கம்பியும் பொருத்திவிட்டானாம், செல்வி அக்கா பென்னலூர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். என்னை இன்னும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. இந்தப் பக்கம் நர்ஸ் கிடைப்பது கடினம்; காரணம் அது ஒன்றுதான். போர்டில் எண் ஏறிக்கொண்டிருக்கிறது, கன்னியம்மா ஒருமுறையும் விழவில்லையே!

நேற்று குன்றத்தூரிலிருந்து ஒருவரை அழைத்துவந்தார்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கைத்தடி ஊன்றி, வழியில் நின்ற என்னை ஒதுங்கச் சொல்லி, தானே நடந்துவந்து மூன்றாம் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் மகள் போனதும் மேனேஜர் வழக்கம்போல டயப்பர் எடுத்துவரச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி அக்கா அலமாரிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். உள்ளே டயப்பர் மேல்தட்டுவரை அடுக்கியிருந்தது, அன்று காலை நாங்கள் இருவரும் சேர்ந்து அடுக்கியதுதான். அக்கா கண்ணைக்கூட இமைக்கவில்லை: "ஸ்டாக் இல்ல சார்."

இவ்வளவு படித்து நான் பார்க்கும் வேலையை ஒரு வரியில் சொல்வதானால், நடந்து வருகிறவர்களை நோயாளி ஆகாமல் காப்பாற்றுவது, அதுவும் எங்களிடமிருந்தே.